இரு நாட்டு ஆட்டக்காரர்: ஜோன் ரெய்னோல்ட்ஸும் நாட்டுரிமை பற்றிய சில சிந்தனைகளும்

கொக்குவில், யாழ்ப்பாண நகரை அடுத்து வடக்கே காங்கேசன்துறை வீதியின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் ஊர். புகையிலைச் செய்கையும் சுருட்டுக் கைத்தொழிலும் அவ்வூரின் வாழ்வை நெடுங்காலம் தாங்கி நின்றன. கொட்டில்களிற் சுற்றப்பட்ட சுருட்டு தென்னிலங்கைச் சந்தைகளுக்குச் சென்றது. அதனை விற்கச் சென்ற இளைஞர் ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கடைகளிற் கழித்தனர். ஆங்கிலம் கற்கும் வாய்ப்புப் பெற்றோர் மலாயாவுக்குக் கப்பலேறிப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயினர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதும் இப்பெயர்வு மேலும் இலகுவாயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் ஊரிலும், ஒருவர் தெற்கிலும், ஒருவர் கோலாலம்பூரிலும் வாழ்வது வியப்பாகக் கொள்ளப்படவில்லை. அனைவரும் ஒரே முடிக்குரிய குடிகள் என்ற நிலையில், அவர்கள் வெவ்வேறு நாட்டினர் என்ற எண்ணமும் எழவில்லை. இலங்கை 1948இலும் மலாயா 1957இலும் சுதந்திரம் பெற்ற பின்னரே, அச்சகோதரர்கள் தாம் எந்நாட்டவர் என்பதைப் பத்திரம் காட்டி நிறுவவேண்டியவர்களாயினர்.

கடல் கடந்தவர்கள் தம்முடன் விளையாட்டையும் கொண்டு சென்றனர். கோலாலம்பூரில் 1914இல் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் தோன்றியது. சிங்கப்பூரில் 1928இல் இலங்கையர் விளையாட்டுக் கழகம் அமைந்தது. இவற்றின் ஆட்டக்காரர், தமிழ் என்றும் இலங்கை என்றும் பெயர் பூண்ட கழகங்களுக்காக மலாயா மண்ணில் ஆடினர். அவர்கள் பிரதிநிதித்துவஞ் செய்தது எந்த நாட்டை? பிறந்த இடத்தையா, உழைத்த இடத்தையா, அன்றி இரண்டையும் ஆண்ட பேரரசையா?

இவ்வினாவை நேரடியாக எதிர்கொள்வதற்கு முன், அது எவ்வாறு தோன்றியது என்பதை அறிவது பயனுடைத்து. நாடுகளுக்கிடையிலான உதைபந்தாட்டம் பிறந்த பிரித்தானியத் தீவுகளிலேயே, அதன் முதல் இருபது ஆண்டுகளுக்குள், ஒருவர் இரு நாடுகளுக்காக ஆடிய நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றுள் ஜோன் ரெய்னோல்ட்ஸ் என்பாரின் வரலாறு தனித்துவமானது. அவர் அயர்லாந்துக்காக ஐந்து ஆட்டங்களிலும் இங்கிலாந்துக்காக எட்டு ஆட்டங்களிலும் ஆடினார். தன் பக்கத்துக் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்ட தவறுகளை விலக்கி நோக்கின், இங்கிலாந்துக்கு எதிராகவும் இங்கிலாந்துக்காகவும் கோல் அடித்த ஒரேயொருவராக அவரே குறிக்கப்படுகின்றார். விளையாட்டு ஏடுகள் இதனை வினோதத் தகவலாகவே எடுத்தாள்கின்றன. சமூக வரலாற்றை நாடும் நமக்கு அது வினோதமன்று. ஒரு தொழிலாளியின் நாட்டுரிமையைத் தீர்மானித்தவர் யாவர், அதனை எப்பொழுது, எதன்பொருட்டுத் தீர்மானித்தனர் என்பதற்கு அது ஒரு சான்றாகும்.

ரெய்னோல்ட்ஸை அணுகுமுன் அக்கால ஆட்டங்களில் ‘நாடு’ என்பது எதனைக் குறித்தது என நோக்கவேண்டும். முதலாவது அங்கீகரிக்கப்பட்ட நாட்டு ஆட்டம் 1872 நவம்பர் 30ஆம் நாள் கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் நடைபெற்றது. இரு பக்கமும் கோல் போடவில்லை. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கும் ஓர் அரசின் கீழ் இருந்தன. நான்கு உதைபந்தாட்டச் சங்கங்கள் இருந்தமையாலேயே நான்கு ‘நாடுகள்’ களத்தில் இறங்கின. அரசொன்று, நாடு நான்கு என்ற இந்த அமைப்பில் கடவுச்சீட்டுக்கு இடமில்லை; யாரை அழைப்பது என்பது சங்கத்தின் உள்விவகாரம். இங்கிலாந்தின் முதற் கோலை 1873இல் அடித்த வில்லியம் கென்யன் சிலேனி குஜராத்திலுள்ள ராஜ்கோட்டிற் பிறந்தவர். 1881இல் ஸ்கொட்லாந்துக்குத் தலைமை தாங்கி இங்கிலாந்தை 6-1 என வென்ற அன்ட்ரூ வாட்சன் பிரித்தானியக் கயானாவிற் பிறந்த கறுப்பினத்தவர். பேரரசின் நீள அகலம் முதற் பத்தாண்டிலேயே ஆட்டக்களத்திற் புலப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரு நாடுகளுக்காக ஆடிய முதல்வர் ரெய்னோல்ட்ஸ் அல்லர். அப்பெருமை ஜோன் ஹோலி எட்வேர்ட்ஸுக்கு உரியது. அவர் சட்டத் தொழில் புரிந்தவர். வேல்ஸின் எல்லையை அடுத்த ஷ்றொப்ஷயர் மாவட்டத்தின் கழகமொன்றில் ஆடியவர். 1874 மார்ச் 7ஆம் நாள் கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்திடம் 1-2 எனத் தோற்ற இங்கிலாந்து அணியில் அவர் இடம்பெற்றார். ஈராண்டின் பின், அதே சட்டத் தொழிலைச் சேர்ந்தவரும் அதே ஷ்றொப்ஷயர்க் கழகத்தவருமான லூவலின் கென்றிக் வேல்ஸ் உதைபந்தாட்டச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஸ்கொட்லாந்துக்கு எதிராக ஓர் அணி திரட்டவேண்டியிருந்தது. வேல்ஸிற் பிறந்தோரும் அங்கு வாழ்ந்தோரும் வரலாம் எனப் பத்திரிகை வாயிலாக அழைப்பு விடுக்கப்பட்டது. 1876 மார்ச் 25ஆம் நாள் கிளாஸ்கோவில் 0-4 எனத் தோற்ற வேல்ஸின் முதல் அணியில் எட்வேர்ட்ஸின் பெயரும் காணப்படுகின்றது. அதற்குச் சரியாக ஒரு கிழமை முன்னர்தான், லண்டன் வொண்டறர்ஸ் கழகத்துடன் அவர் இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தை வென்றிருந்தார். ஒரு கிழமைக்குள் இங்கிலாந்தின் தலையாய கிண்ணமும் வேல்ஸின் நாட்டுச் சட்டையும்! எவரும் எவ்வித ஆட்சேபமும் எழுப்பவில்லை. எழுப்புவதற்குக் காரணமும் இருக்கவில்லை. பொதுப் பள்ளிகளையும் சட்டத்தொழிலையும் சார்ந்த கனவான்களின் வட்டத்துள், நாட்டு அணி என்பது நண்பர் அழைக்கப் போய் ஆடும் ஞாயமான பொழுதுபோக்கு. அழைத்தவரும் வந்தவரும் ஒரே வர்க்கத்தினர்.

ரெய்னோல்ட்ஸ் வேறோர் உலகைச் சேர்ந்தவர். 1869இல் லங்காஷயர் மாவட்டத்துப் பிளக்பேர்ண் நகரிற் பிறந்தார். பிளக்பேர்ண் நெசவாலைகளின் நகர். அவ்வாலைகள் நெய்த துணியின் பெரும்பகுதி இந்தியச் சந்தைக்கானது. வேட்டித் துணியே அங்குள்ள தறிகளிற் பெருமளவில் நெய்யப்பட்டது. நம்மவர் உடுத்த வேட்டியைப் பிளக்பேர்ணின் தொழிலாளர் நெய்தனர் என்பதையும், நமது நாட்டார் தறிகள் அதனாற் சிதைந்தன என்பதையும் பொருளாதார வரலாறு கற்றோர் அறிவர். அந்நகரின் தொழிலாளர் உதைபந்தாட்டத்தையும் மாற்றியமைத்தனர். 1883இல் பிளக்பேர்ண் ஒலிம்பிக் என்ற கழகம், நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் கொண்ட அணியுடன், ஈற்றன் கல்லூரிப் பழைய மாணவரைத் தோற்கடித்துச் சங்கக் கிண்ணத்தை வடக்கே கொண்டு சென்றது. அதன்பின் எந்தவொரு கனவான் கழகமும் அக்கிண்ணத்தை வென்றதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1885இல், ஆட்டத்துக்கு ஊதியம் பெறுவதை இங்கிலாந்துச் சங்கம் சட்டபூர்வமாக்கவேண்டியதாயிற்று. உழைப்பை விற்றே வாழவேண்டியவனுக்குச் சனிக்கிழமை ஆட்டம் இலவச விருந்தாக அமையமுடியாது. இதனைக் கனவான்கள் ஒழுக்கக் கேடாகக் கண்டனர். தொழிலாளர் கூலியாகக் கண்டனர்.

இளைஞர் ரெய்னோல்ட்ஸ் கிழக்கு லங்காஷயர்ப் படைப்பிரிவிற் சேர்ந்தார். வேலையற்ற ஆலை நகரத்து இளைஞருக்குப் படை ஒரு வழக்கமான புகலிடம். 1881ஆம் ஆண்டுப் படைச் சீர்திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாவட்டப் படைப்பிரிவும் இரு பட்டாளங்களைக் கொண்டிருந்தது. பொதுவாக ஒன்று தாயகத் தீவுகளிலும் மற்றையது கடல் கடந்த ஆட்சிப் பகுதிகளிலும் பணியாற்றும். ரெய்னோல்ட்ஸ் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். வேறொரு பட்டாளத்தில் அமர்த்தப்பட்டிருப்பின் அவர் இந்தியாவிற் பந்தடித்திருப்பார்; இக்கட்டுரையும் எழுதப்பட்டிராது. அவரை ‘அயர்லாந்து ஆட்டக்காரர்’ ஆக்கியது விருப்பமன்று, இடமாற்றக் கட்டளை.

அக்கால அயர்லாந்தில் உதைபந்தாட்டம் அரசியற் சார்பற்ற கேளிக்கையாக இருக்கவில்லை என்பதனையும் இங்கு கூறவேண்டும். அயர்லாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1880இல் பெல்பாஸ்ற்றில் நிறுவப்பட்டது. வடகிழக்கின் கப்பற் கட்டுந்துறைகளையும் ஆலைகளையும் சார்ந்தே அவ்வாட்டம் வேரூன்றியது. படை முகாம்கள் அதனைப் பரப்பின. இதற்கு எதிர்வினையாக 1884இல் தேளஸ் என்னும் ஊரிற் கேலிக் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. அது அயர்லாந்தின் பூர்வீக ஆட்டங்களை மீட்டெடுக்க முனைந்ததோடு, பின்னாளிற் ‘பிறநாட்டு’ ஆட்டங்களை ஆடுவோரையும் பிரித்தானியப் படையினரையும் பொலிசாரையும் தன் உறுப்புரிமையிலிருந்து விலக்கியது. தேசியவாதிகளுக்கு உதைபந்தாட்டம் ‘காவற்படையின் ஆட்டம்’. யாழ்ப்பாணத்திலும் உதைபந்தாட்டம் மிசன் கல்லூரிகளின் மைதானங்கள் வழியாகவே பரவியது. பின்னர் சைவப் பாடசாலைகள் அதனைத் தமதாக்கிக்கொண்டன. இங்கு எவரும் அதனைப் பகிஷ்கரிக்கவில்லை. கிளித்தட்டும் சடுகுடுவும் சங்கம் அமைத்துப் பாதுகாக்கப்படாமைக்கான காரணம் தனியே ஆராயப்படவேண்டியது.

இத்தகைய சூழலிலேயே, லங்காஷயரிலிருந்து வந்த இப்படைவீரர் பெல்பாஸ்ற்றின் டிஸ்ரிலறி, அல்ஸ்ரர் ஆகிய கழகங்களில் ஆடிப் புகழ்பெற்றார். இடைநிலையில் நின்று எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதிலும், பறித்ததை முன்னணிக்குத் தருவதிலும் அவர் வல்லவர். 1890இல் அயர்லாந்து அணிக்கு அவர் தெரிவு செய்யப்பட்டார். வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் எதிரான இரு ஆட்டங்களில் அவ்வாண்டு ஆடினார்.

1890 மார்ச் 15ஆம் நாள் பெல்பாஸ்ற்றில் நடந்த ஆட்டம் விதந்து குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்து 9-1 என வென்றது. அயர்லாந்தின் அந்த ஒரு கோல் ரெய்னோல்ட்ஸ் அடித்தது. அதாவது, அன்று பெல்பாஸ்ற் மக்கள் ஆரவாரித்த ஒரேயொரு கோல் இங்கிலாந்திற் பிறந்த ஒரு முன்னாட் படைவீரனின் காலிலிருந்து வந்தது. அதே நாளில், கடலுக்கு அப்பால் றெக்ஸம் நகரில், வேறொரு இங்கிலாந்து அணி வேல்ஸை எதிர்த்து ஆடி 3-1 என வென்றுகொண்டிருந்தது. மறு ஆண்டு மார்ச் 7ஆம் நாளும் இவ்வாறே இரு அணிகள் இரு இடங்களில் இறங்கின. ஒரே பொழுதில் ஒரு நாடு இரண்டு களங்களில் நிற்கலாம் என்றால், ஒரு மனிதர் இரண்டு நாடுகளுக்கு நிற்பதில் தர்க்கப் பிழை இல்லையே! வலிமை மிக்க இங்கிலாந்துச் சங்கம் வேல்ஸையும் அயர்லாந்தையும் எவ்வளவு இலேசாக மதித்தது என்பதற்கும் இதுவே சான்று. ஸ்கொட்லாந்துடனான ஆட்டத்துக்கு மட்டும் அது தன் முழுப் பலத்தையும் திரட்டிச் சென்றது.

1891இல் ரெய்னோல்ட்ஸ் அயர்லாந்துக்காக மூன்று ஆட்டங்கள் ஆடினார். பெல்பாஸ்ற்றில் வேல்ஸை 7-2 என வீழ்த்திய அணியில் அவரும் இருந்தார். இங்கிலாந்திடம் 1-6 எனவும் ஸ்கொட்லாந்திடம் 1-2 எனவும் அயர்லாந்து தோற்றது. அவ்வாண்டே அவர் பேர்மிங்காமை அடுத்த வெஸ்ற் புறொம்விச் அல்பியன் என்னும் கழகத்திற் சேர்ந்தார். வில்லுக்கம்பித் தொழிற்சாலையொன்றின் தொழிலாளர் 1878இல் ஏற்படுத்திய கழகம் அது. 1888இல் தொடங்கிய உதைபந்தாட்ட லீக்கின் நிறுவன உறுப்பினருள் ஒன்று. அங்கு வந்தபின்னரே அவர் பிளக்பேர்ணிற் பிறந்தவர் என்பது சங்கங்களின் கவனத்துக்கு வந்தது. அயர்லாந்து அணிக்கு அவர் தகுதியற்றவரானார், இங்கிலாந்துக்குத் தகுதியுடையவரானார்.

இந்தக் ‘கண்டுபிடிப்பு’ ஆழ்ந்து நோக்கற்பாலது. ரெய்னோல்ட்ஸ் தம் பிறப்பிடத்தை மறைத்து வாழ்ந்தவர் அல்லர்; பிளக்பேர்ண் அமைந்த மாவட்டத்தின் பெயர் தாங்கிய படைப்பிரிவிலேயே பெல்பாஸ்ற்றுக்கு வந்தவர். ஊர் அறிந்த செய்தி ஒன்றைச் சங்கம் அறியாதிருந்தது என்பதைவிட, அறியவேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை என்பதே பொருந்தும். அவர் பெல்பாஸ்ற்றில் இருந்தவரை, தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணிக்கு நல்ல இடைநிலை ஆட்டக்காரர் வேண்டும், பிறப்பு வினாவப்படவில்லை. இங்கிலாந்தின் பெருங்கழகம் ஒன்றில் ஊதியம் பெற்று ஆடும் நிலைக்கு உயர்ந்தபோது, அவரது ஆற்றல் இன்னொரு சங்கத்துக்குத் தேவைப்பட்டது; பிறப்புப் பதிவு மேசைக்கு வந்தது. பிறப்பு உரிமையின் மூலம் என்பது ஒரு புறமிருக்க, உரிமை கோருவோரின் தேவையே பிறப்பை நினைவூட்டியது எனலாம்.

எட்வேர்ட்ஸை இவ்விடத்தில் மீண்டும் நினைவுகூர்வோம். அவர் இரு சட்டைகளை அணிந்தபோது எவரும் பதிவேட்டைப் புரட்டவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மாற்றம் யாது? ஆட்டம் கனவான்களின் கையிலிருந்து, வாயிற் கட்டணம் செலுத்தும் பல்லாயிரம் தொழிலாளப் பார்வையாளரின் கைக்கு மாறியது. ஆட்டக்காரர் கழகத்தோடு பதிவு செய்யப்பட்ட, கழகத்தின் இசைவின்றி இடம்மாறமுடியாத கூலியாளரானார். உழைப்பு சரக்கானபோது, அந்தச் சரக்கு எங்கே உற்பத்தியானது என்ற அடையாளமும் வேண்டப்பட்டது. பிறப்பிடம் கண்டிப்பாகக் கேட்கப்பட்டமைக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இங்கிலாந்தின் கழகங்களிற் பெருந்தொகையாகச் சேர்ந்த ஸ்கொட்லாந்து ஆட்டக்காரர்பற்றிய கசப்பு அவற்றுள் முதன்மையானது. எனினும் அக்கசப்பும் தொழிற் சந்தையின் விளைவே.

ரெய்னோல்ட்ஸின் இங்கிலாந்து வாழ்வு வெற்றிகள் நிறைந்தது. 1892 மார்ச் 19ஆம் நாள் லண்டன் கென்னிங்ரன் ஓவல் திடலில் நடந்த சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், வெஸ்ற் புறொம்விச் அல்பியன் அயல் எதிரியான அஸ்ரன் வில்லாவை 3-0 என வென்றது. மூன்றாவது கோல் ரெய்னோல்ட்ஸினுடையது. இரண்டு கிழமைகளில், ஏப்ரில் 2ஆம் நாள், கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்தை 4-1 என வென்ற இங்கிலாந்து அணியில் முதன்முறையாக ஆடினார். 1893இல் வேல்ஸுக்கு எதிராகவும் ஸ்கொட்லாந்துக்கு எதிராகவும், 1894இல் மறுபடியும் ஸ்கொட்லாந்துக்கு எதிராகவும் இங்கிலாந்துக்காகக் கோல் போட்டார்.

1893இல் தாம் தோற்கடித்த அஸ்ரன் வில்லாவிலேயே சேர்ந்தார். வெஸ்லியன் சபையின் தேவாலயமொன்றைச் சேர்ந்த கிறிக்கெற் ஆட்டக்காரர் 1874இல் தொடங்கிய கழகம் அது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியை நடத்திய அதே சபை என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி. அதன் நிருவாகியும் லீக்கின் தந்தை எனப்படுபவருமான வில்லியம் மக்கிறகர் பேர்மிங்காமிற் புடைவைக் கடை நடத்திய ஸ்கொட்லாந்துக்காரர். இடைநிலையில் ரெய்னோல்ட்ஸுக்கு அருகே நின்ற ஜேம்ஸ் கவன் மற்றொரு ஸ்கொட்லாந்துக்காரர். இங்கிலாந்தின் தலைசிறந்த கழகம் எனக் கொண்டாடப்பட்ட அந்த அணி, இவ்வாறு பல இடத்து உழைப்பின் கூட்டாக இருந்தது. வில்லா 1894, 1896, 1897 ஆகிய ஆண்டுகளில் லீக்கையும், 1895, 1897 ஆகிய ஆண்டுகளிற் சங்கக் கிண்ணத்தையும் வென்றது. ஒரே பருவத்தில் இரண்டையும் வென்ற 1897ஆம் ஆண்டுச் சாதனை, 1961 வரை வேறெக்கழகத்துக்கும் எட்டவில்லை. இவ்வனைத்திலும் ரெய்னோல்ட்ஸுக்குப் பங்குண்டு.

ஆயினும் அவரது ஆட்ட வாழ்வில் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது கிண்ணங்கள் அல்ல, 1894 மார்ச் 3ஆம் நாள் பெல்பாஸ்ற்றில் நடந்த ஆட்டம். இங்கிலாந்துச் சட்டையுடன் அவர் பழைய நகருக்குத் திரும்பினார். எதிரே நின்றவர்களுள் ஒருவர் ஒல்பேட் ஸ்ரான்பீல்ட். டிஸ்ரிலறிக் கழகத்தவர், அயர்லாந்து அணியில் ரெய்னோல்ட்ஸுடன் தோளோடு தோள் நின்றவர். 1882இல் 0-13 எனத் தொடங்கி, ஆண்டுதோறும் இங்கிலாந்திடம் தோற்றுவந்த அயர்லாந்து அன்றுதான் முதன்முறையாகத் தோல்வியைத் தவிர்த்தது. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. அயர்லாந்துக்காக அவர் ஆடிய ஆண்டுகளிற் கிட்டாத அந்த மகிழ்ச்சி, எதிரணியில் அவர் நின்ற நாளிற் பெல்பாஸ்ற் மக்களுக்குக் கிட்டியது.

அவரைத் துரோகி என்றோ, கூலிக்கு மாரடிப்பவர் என்றோ கருதுவது இன்றைய தேசிய உணர்வை அன்றைய நிலைமை மீது ஏற்றுவதாகும். அவரை எல்லை கடந்த உலகக் குடிமகன் எனப் போற்றுவதும் அதே தவறின் மறுபக்கம். அவர் இரண்டு நாடுகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்றுக்குப் படையதிகாரியின் கட்டளை அவரைக் கொண்டு சென்றது. மற்றதற்குப் பதிவேட்டின் ஒரு வரி.

ஒருவர் பல நாடுகளுக்கு ஆடுவது பின்னரும் நீண்டகாலம் வழக்கிலிருந்தது. செஸ்ரர் நகரிற் பிறந்த றொபேட் எவன்ஸ் வேல்ஸுக்காகப் பத்து ஆட்டங்கள் ஆடியபின், 1911இலும் 1912இலும் இங்கிலாந்துக்காக நான்கு ஆட்டங்கள் ஆடினார். லூயிஸ் மொன்ரி 1930இல் ஆர்ஜென்ரீனாவுக்காகவும் 1934இல் இத்தாலிக்காகவும் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடினார். புஸ்காஸ் ஹங்கேரிக்கும் ஸ்பெயினுக்கும் ஆடினார். 1960களிலேயே சர்வதேசச் சம்மேளனம் இவ்வாயிலை அடைத்தது. 2004இலும் 2020இலும் சிறு திறப்புகள் விடப்பட்டன. ‘ஒருவருக்கு ஒரு நாடு’ என்ற விதி தொன்மையானதன்று.

விளையாட்டில் இவ்விதி கடுமை பெற்றதற்கு முன்னரே அரசுகள் அதனைச் சட்டமாக்கிவிட்டன. நமது நாட்டின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ரெய்னோல்ட்ஸுக்குத் தம் பிறப்பு ஒன்றே இங்கிலாந்துக்குரியவராவதற்குப் போதுமானதாயிற்று. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ லயன் அறையிற் பிறந்த தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குத் தன் பிறப்புப் போதாது. தகப்பனாரும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டும். பதிவேதுமின்றி அழைத்துவரப்பட்ட கூலியாளரின் சந்ததியிடம் மூன்று தலைமுறைப் பதிவு கேட்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கியது. 1974இல் அவ்வெஞ்சியோர் இரு அரசுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இச்சட்டத்தை எதிர்த்தோர் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். ஆதரித்து வாக்களித்த யாழ்ப்பாணத்தவரும் இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. நிலமும் உறுதியும் பதிவும் கைவசம் உள்ள சமூகத்தினருக்குப் பிறப்புச் சான்று ஒரு காகிதம். கூலியாளருக்கு அதுவே விதி.

அதே சட்டத்தின் மற்றோர் அலகு யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தையும் தீண்டாமல் விடவில்லை. மலாயாவிற் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளைகளும், ஊரிற் பிறந்து அங்கே குடியுரிமை பெற்றோரும், எந்தப் பத்திரத்தைப் பேணுவது எனத் தடுமாறினர். இரட்டைப் பிரசாவுரிமைக்கு இலங்கைச் சட்டம் இடமளித்தது 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே. அவ்வேளையிற் கொக்குவிலின் பிள்ளைகள் போரினால் மலாயாவிலும் தொலைவான நாடுகளுக்குச் சிதறத் தொடங்கிவிட்டனர்.

1897இல் ஸ்கொட்லாந்திடம் 1-2 எனத் தோற்ற ஆட்டமே ரெய்னோல்ட்ஸ் இங்கிலாந்துக்காக ஆடிய இறுதி ஆட்டம். அவ்வாண்டே வில்லாவைவிட்டுக் கிளாஸ்கோவின் செல்ரிக் கழகத்துக்கும், பின்னர் தெற்கே சவுதாம்ரனுக்கும் சென்றார். லீக் ஆட்டக்காரரின் கூலி, ஆடும் கால் உள்ளவரைக்குமே. ஓய்வூதியம் என்பது மலாயாவிலிருந்து திரும்பிய எழுதுவினைஞருக்கு இருந்ததேயன்றி இவர்களுக்கு இருக்கவில்லை. மூன்று லீக் பட்டங்களும் மூன்று சங்கக் கிண்ணங்களும் வென்ற அவர், ஈற்றில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாகி, 1917 மார்ச்சில் ஷெபீல்டில் நாற்பத்தெட்டாவது வயதில் இறந்தார்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகளில், 1921இல், அயர்லாந்து பிரிக்கப்பட்டது. அவ்வாண்டே டப்ளினில் மற்றோர் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது. பெல்பாஸ்ற் சங்கமும் டப்ளின் சங்கமும் முழு அயர்லாந்துக்கும் உரிமை கோரி, இரு பகுதியினரையும் தத்தம் அணிகளுக்கு அழைத்தன. இதனால் 1950 வரை பல ஆட்டக்காரர் இரு அயர்லாந்துகளுக்கும் ஆடினர். 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களில் நால்வர் ஒரே போட்டியிலேயே இரண்டு அணிகளிலும் இடம்பெற்றனர். பழைய சங்கத்தின் பதிவேடுகள் பெல்பாஸ்ற்றிலேயே தங்கிவிட்டன. ரெய்னோல்ட்ஸ் 1890இலும் 1891இலும் ஆடிய ஐந்து ஆட்டங்களும் அப்பதிவேட்டிலேயே உள்ளன. இன்று புள்ளிவிவர ஏடுகளைப் புரட்டுவோர் அவ்வைந்தையும் வட அயர்லாந்து என்னும் தலைப்பின் கீழ்க் காண்பர். அவரது வாழ்நாளில் அப்பெயரில் ஒரு நாடு இருக்கவில்லை.